அக்காவின் தனிச்சட்டி

என் ஓரகத்திக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில் எனக்குக் கவலை வரவில்லை. கவலைப்படுகிற முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உள்ளே வந்தது வேறு. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நோய் வந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டியில் என் கணவர் வீட்டார் தீப்பெட்டித் தொழில் நடத்தினார்கள். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அண்ணன் தம்பி இரண்டே பேர். அண்ணன் ஆபீஸைப் பார்த்துக்கொண்டார். தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், ஆர்டர் பிடிப்பதற்காக மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் வெளியூர் சத்திரத்திலும் இருப்பார். மாமனாரும் மாமியாரும் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் பெண்கள் என்றால் அண்ணன் மனைவியும் நானும்தான். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கணவர் எனக்கு அத்தான்.

அக்காவும் நானும் இருவருமே கனத்த உடம்புக்காரிகள். கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போவதற்கு பஸ் ஸ்டாண்டு வரை குதிரை வண்டியில் ஏறினால் வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "ஒராளு முன்னால தள்ளி உக்காருங்கம்மா, குதிரைக்குக் கழுத்து தூக்குது" என்பார். நாங்கள் சிரித்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பெண் பூசினாற்போல் இருந்தால் வாழ்க்கை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் சாப்பிட்டதும் அப்படித்தான். காலையில் கம்மங்கூழோ பழைய சோறோ, கூடவே மோர் மிளகாய். மத்தியானம் சோறு, தூத்துக்குடிக் கருவாட்டைப் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு, சுண்டவத்தல், நார்த்தங்காய் ஊறுகாய். கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பு. கரிசல் மண்ணில் வேறெப்படி இருக்கும்? அந்த உவர்ப்புக்கு மேல் அக்கா ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போடுவாள். அளந்து போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் குழம்பை ஒரு தரம் சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆபீசுக்குச் சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவார்கள். "அண்ணாச்சி, உங்க வீட்டம்மா கைப்பக்குவம் மாதிரி வராது" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அரைத்துக் கொடுத்த மசாலாதான் அது. அரைத்தவளை யாரும் கேட்பதில்லை. ஆக, அக்காமேல் எனக்குள்ள எரிச்சல் கொதிப்பு வந்த பிறகு முளைத்ததல்ல. அதற்கு முன்பே இருந்ததுதான்.

அந்த வருஷம் சித்திரையில் அக்காவுக்குப் பின்னந்தலையில் வலி வர ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் வலிக்கும், வெயில் ஏற ஏறக் குறையும். ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, தரை சுத்துது" என்றாள். மறுநாள் அத்தான் எங்கள் இருவரையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். நான் துணைக்கு.

டாக்டர் அக்காவின் கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். மேஜைமேல் நின்ற கண்ணாடிக் குழாயில் பாதரசம் மேலே ஏறியது. அதை இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினார். பிறகு அத்தானைப் பார்த்துச் சொன்னார்.

"ரத்தக் கொதிப்பு நெறைய இருக்கு. உப்பு அறவே கூடாது. ஊறுகா, கருவாடு, அப்பளம், வத்தல் எதையும் கண்ணுலயே காட்டாதீங்க. ஒடம்பு எடையும் கொறையணும். தெனம் காலையில நல்லா வேகமா நடக்கச் சொல்லுங்க. மாசம் ஒரு தடவ எங்கிட்ட வரணும்."

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது என் உடம்பைப் பார்த்துவிட்டு, "நீங்களும் உக்காருங்கம்மா, பாத்துருவோம்" என்றார். எனக்கும் பட்டையைச் சுற்றினார். பாதரசம் பாதியிலேயே நின்றது. "உங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீங்களும் எடையக் கொறைக்கணும்" என்றார். ஒண்ணுமில்லை என்பது மட்டும் அத்தான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னதை அந்த அறையில் நான் ஒருத்திதான் கேட்டேன் போலிருக்கிறது.

எடை பார்க்க எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஆபீசில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசுதான். வேலைக்காரர்கள் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து அத்தான் எங்களைக் கூட்டிப்போனார். அன்று என் கணவரும் ஊரில் இருந்தார். அக்கா கூச்சத்தோடு சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தராசில் ஏறி நின்றாள். அத்தான் குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "நீயும் ஏறு" என்றார் என் கணவர். ஏறினேன். அக்காவைவிட ஒன்பது ராத்தல் கூட.

"டாக்டரு ஆள் மாத்திப் பாத்துட்டாரு போலுக்கே" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பின்கட்டில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன். என் எடையை யாரும் குறித்துவைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு உலை. புகையில் நிற்கக் கூடாது என்று அக்காவை அடுப்படியிலிருந்து அத்தான் விலக்கிவைத்தார். சமையல் என் கைக்கு வந்தது. எல்லோருக்கும் பெரிய சட்டி, அக்காவுக்கு மட்டும் உப்பில்லாமல் ஒரு சின்ன மண்சட்டி. அந்தச் சின்னச் சட்டியைச் சுற்றித்தான் வீடே சுழன்றது.

அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால்கூடத் தெரியாதவர் அத்தான். அவர் இப்போது நிலைப்படிக்கு வந்து நின்று கேட்பார், "அவ சாப்பிட்டாளா? எவ்வளவு சாப்பிட்டா?" சங்கரன்கோவில் போய் வந்தால் பை நிறைய எலுமிச்சம்பழம். மதுரை போய் வந்தால் சாத்துக்குடி. உப்புக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அக்காவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "உப்பில்லாம எப்படித்தான் முழுங்குதாளோ, மகராசி! என்னால ஒரு நேரம் ஏலாது." அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வாள். அடுப்பில் வெந்து இரண்டு விதமாகச் சமைக்கிறவளைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டவில்லை.

எனக்கும் தலை வலித்தது. உண்மையாகவே வலித்தது. என் கணவரிடம் சொன்னேன். "புகையில நிக்கே, வலிக்கத்தான் செய்யும். தைலம் தேச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடி வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நடையைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெண்ணைத் தனியாக ரோட்டில் நடக்க விட முடியாது. ஆகவே காலையில் அத்தானே அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே போவதென்றால் ஒன்று கோயிலுக்கு, இல்லையென்றால் கல்யாண வீட்டுக்கு. அப்போதும் ஆண் பத்தடி முன்னால் போவார். ஒரு வேலையும் இல்லாமல், கையில் ஒரு பையும் இல்லாமல், இருவரும் வெறுமனே சேர்ந்து நடந்து போவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் நின்றால் தெருமுனையைத் தாண்டி வடக்கே போகிற ரோடும், இரண்டு பக்கமும் பருத்திக்காடும் தெரியும். முதல் நாலைந்து நாள் அத்தான் முன்னால் போனார். அக்காவால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவருடைய நடை தானாகக் குறைந்தது. பத்தாம் நாளோ என்னவோ, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போவதைப் பார்த்தேன். அத்தான் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டு போனார். அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டில் அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "சோறு போடு", "வண்டி வந்துட்டா", இவ்வளவுதான் பேச்சு. என் கையிலிருந்த ஈரத்துணி சொட்டச் சொட்ட நான் அங்கேயே நின்றேன். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். என் கணவர் என் பக்கத்தில் நூறடி நடந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு மாடியில் வேலை இருந்தது.

எனக்கும் கொதிப்பு வரட்டும் என்று நினைத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். நான் வேண்டுமென்றே ஊறுகாயை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டேன். கருவாட்டைச் சுட்டு வெறும் வாயில் தின்றேன். மோரில் உப்பைக் கரைத்துக் குடித்தேன். அடுத்த மாதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனபோது, "எனக்கும் ஒரு தடவ பாருங்க டாக்டர், தலைய வலிக்குது" என்றேன். பார்த்தார். "நல்லா இருக்கீங்கம்மா" என்று பட்டையைக் கழற்றினார். அக்காவுக்குக் கொதிப்பு இறங்கியிருந்தது. எடையும் எட்டு ராத்தல் குறைந்திருந்தது. "வெரி குட்" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடமே போகாத அக்காவுக்கு அந்த வார்த்தை புரிந்தது. முகம் பூத்துவிட்டது.

மூன்றாவது மாதம் அவள் ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். கன்னத்துச் சதை வற்றி, அவளுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா என்று பார்க்கிறவர்கள் கேட்டார்கள். நான் அதே சதையோடு, அதே பழைய ரவிக்கையின் கைகள் இறுக்க, அவளுக்குத் தனிச்சட்டியில் கீரை கடைந்துகொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதை என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை.

முதல் நாள் அது மறதியாக நடந்தது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெரிய சட்டிக்குப் போட அள்ளிய உப்பில் கொஞ்சம் கையிலேயே ஒட்டியிருந்தது. சின்னச் சட்டிக்கு மேலே கையைத் தட்டினேன். தட்டியபோது அது எந்தச் சட்டி என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? அக்கா சாப்பிட உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததும் ஒரு கணம் நின்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"இன்னிக்குக் கொழம்பு நல்லா இருக்குட்டி" என்றாள். "கொஞ்சம் சோறு வையி."

மறுநாள் மறதி இல்லை. விரலால் கிள்ளிப் போட்டேன். அதற்கு மறுநாள் கொஞ்சம் கூட. சோற்று உலையிலும் போட்டேன். நாலைந்து வாரம் இப்படி. அவள் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. சத்தியமாக இல்லை. உப்பு என்றால் எனக்கு உப்புதான், விஷமா என்ன, நாமெல்லாரும் தின்கிறதுதானே என்று நினைத்தேன். அவள் டாக்டரிடம் வெரி குட் வாங்கக் கூடாது. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அவளை எல்லோரும் மெச்சுவது நிற்க வேண்டும். அந்த நடை நிற்க வேண்டும்.

நின்றது. அந்த மாதம் டாக்டர் காற்றடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுபடி பார்த்தார். "உப்பு சாப்பிடுதீங்களா?" என்று நேரடியாகக் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "பொய் சொல்லாதீங்கம்மா. ஒளிச்சு வச்சுச் சாப்பிடுதீங்க. யாரை ஏமாத்துதீங்க?" என்றார். அத்தானின் முகம் கறுத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுச் சுவரில் அடித்தார். நார்த்தங்காய்த் துண்டுகள் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டன. "ஒனக்காக வேலையக் கெடுத்துக்கிட்டுக் காலங்காத்தால தெருத் தெருவா நடக்கேன். பாக்கவன்லாம் சிரிக்கான். நீ திருட்டுத்தனமா ஊறுகா நக்குதே. இனி நடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எப்படியும் போ!" என்றார். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து உடைந்த ஜாடிச் சில்லுகளைப் பொறுக்கிக் கூட்டினேன்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். ரோட்டில் பருத்தி ஏற்றிய வண்டிகள் மட்டும் போயின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. அக்கா வீட்டுக்குள் தலைகுனிந்து நடமாடினாள். அத்தான் அடுப்படிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். எல்லாம் பழையபடி ஆனது. ஆனால் எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தான் அவளோடு நடக்காமல் போனதால் என் கணவர் என்னோடு நடக்கப்போகிறாரா?

உப்புப் போடுவதை உடனே நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. நிறுத்தினால் சுவை மாறியது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். தொடர்ந்து போட்டேன்.

அந்த வாரமே ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும், அக்கா துவைகல்லில் நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், மூக்கிலிருந்து ரத்தம் குழாய் திறந்த மாதிரி கொட்டுகிறது. துவைத்த வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பு. ஈரத்துணியை வைத்து அமுக்கினேன், நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளை அத்தானுக்குச் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு, கிடைத்த குதிரை வண்டியில் அவளை ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். வண்டிக்காரர் அன்று எங்களைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய ரத்தம் என் சேலையில் சூடாக இறங்கியது. நான் கிள்ளிப் போட்ட ஒவ்வொரு கிள்ளும் எனக்கு நினைவு வந்தது.

டாக்டர் மூக்கில் பஞ்சு வைத்து அடைத்து, ஊசி போட்டார். "நல்ல வேளை, மூக்கோட போச்சு. தலைக்குள்ள ஒடஞ்சிருந்தா கை கால் போயிருக்கும்" என்றார். ஒரு மணி நேரம் படுக்கட்டும் என்று துணித்திரைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் படுக்க வைத்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன். "உங்க சட்டியில நான் உப்புப் போட்டேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்ட்டி" என்றாள்.

நான் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தேன்.

"மொத நாளே தெரியும். மூணு மாசம் உப்பில்லாமக் கெடந்த நாக்கு. அதுக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவியே."

பஞ்சு வைத்த மூக்கோடு பேசியதால் அவள் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவளாகவே மேலே சொன்னாள். "எல்லாரும் மகராசி, மகராசின்னு சொல்லுதாக. நான் தெனமும் உங்க தட்டையெல்லாம் பாத்துக்கிட்டே இருப்பேன். நீ கருவாட்டக் கடிக்கையில எனக்கு வாயில எச்சி ஊறும். ஒம்மேல அவ்வளவு ஆத்திரம் வரும். இவளுக்கு மட்டும் ஒண்ணும் வரலியே, என்னைவிட ஒன்பது ராத்தல் கூட இருக்காளேன்னு நெனப்பேன்."

அவளுக்கு என்மேல் பொறாமை! அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என்னிடம் இருந்து அவளிடம் இல்லாதது ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீ எதுக்குட்டி போட்டே?" என்று கேட்டாள்.

திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அத்தான் உங்களோட நடந்து போறதைப் பாத்தேன்க்கா."

அவள் சிரிப்பாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "ஆமா" என்றாள். "அது நல்லாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு வருசத்துல அவிய எங்கிட்டப் பேசுனது பூரா அந்த ரோட்டுலதான். அவிய சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல காப்பரிச்சையில தோத்தது, ரெண்டு தடவ ஊர விட்டு ஓடுனது எல்லாம் அங்கனதான் சொன்னாவ. நடையும் வேணும், உப்பும் வேணும்னு நெனச்சேன். ரெண்டும் போச்சு."

கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். தலைப்பில் ஏற்கெனவே அவள் ரத்தம் இருந்தது.

அத்தான் சைக்கிளில் வந்து சேர்ந்தார். திரையை விலக்கியவர், ரத்தம் தோய்ந்த எங்கள் சேலைகளைப் பார்த்துப் பயந்துபோனார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "சொன்னேனே, கேட்டியா? நாக்க அடக்க முடியாதவளுக்கு" என்று ஆரம்பித்தார்.

"அக்காவைத் திட்டாதீங்க அத்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. "சட்டியில உப்புப் போட்டது நான்."

அவர் என்னைப் பார்த்தார். "மறந்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்பிக்க வாசல் திறந்தே இருந்தது. "இல்ல. தெரிஞ்சுதான்" என்றேன்.

"நானும் தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்" என்றாள் அக்கா, பெஞ்சில் படுத்தபடியே.

யாரைத் திட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் உள்ளே வந்தார். அத்தானை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டுல ரெண்டு சட்டி வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சட்டி, உப்பில்லாம. வேணுங்கிறவங்க எலையில தொட்டுக்கட்டும். அதுதான் சரிப்படும்."

இரண்டு நாள் கழித்து என் கணவர் மணியாச்சியில் வண்டி மாறி வந்து சேர்ந்தார். அண்ணன் சொல்லியிருப்பார். வந்த உடனே என்னைப் பார்த்து, "ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார். நான் அவர் பெட்டியிலிருந்து அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "நீங்க எங்கூட ஒரு நாளாவது நடந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க நடக்கணும்?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் துணியை எடுத்துக்கொண்டு துவைகல்லுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே சட்டிதான். ஆண்கள் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள் சாப்பாட்டு நேரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அது வேறு நிம்மதி. அக்கா மறுபடி அடுப்படிக்கு வந்தாள். உப்பில்லாத குழம்பை எப்படி வாயில் வைக்கிற மாதிரி செய்வது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். மிளகைக் கூட்டி, புளியைக் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்துமல்லி கிள்ளிப் போட்டாள். என்னால் அது முடிந்திருக்காது. கைப்பக்குவம் அவளுடையதுதான் என்று அப்போது ஒத்துக்கொண்டேன்.

அத்தான் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. ஆனால் நான் வைத்த தட்டில் சாப்பிட்டார். அக்காவின் கொதிப்பு மெள்ள இறங்கியது. ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு நாள், யாரும் சொல்லாமல், அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாரியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீயும் வா. டாக்டரு ஒன்னையும் கொறைக்கத்தானே சொன்னாரு" என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வார்த்தைக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். போனேன். ஒன்பது நாள் போனேன். காலைக் காற்று, ஈரக் கரிசல் வாசனை, காடெல்லாம் புதிதாக முளைத்த பருத்திச் செடி. எனக்கு மூச்சு வாங்கியது, நன்றாகவும் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் கூட வந்ததால் அத்தான் முன்னால் போனார், நாங்கள் இருவரும் பின்னால் போனோம். தம்பி பெண்டாட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன பேசுவார்? ஒன்பது நாளும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்னோடு பேசிக்கொண்டு வந்தாள். பேசும்போதே அவள் கண் முன்னால் போகிற வெள்ளைச் சட்டையில் இருந்தது. அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லக் கூடியவளும் அல்ல.

பத்தாம் நாள் காலை, "முழங்கால் வலிக்குதுக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"மெள்ள நடக்கலாம்ட்டி."

"இல்லக்கா. போங்க."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். வலிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நான் மாடிக்குப் போகவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். போனேன். தெருமுனை தாண்டும் வரை அத்தான் முன்னாலும் அக்கா பின்னாலும் போனார்கள். பருத்திக்காடு தொடங்குகிற இடத்தில் அவர் நின்று அவள் வந்து சேரும் வரை காத்திருந்தார். பிறகு கையை நீட்டிக் காட்டில் எதையோ காட்டிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பழைய எரிச்சல் குறையாமல் எழுந்தது. அது என்னை விட்டுப் போய்விட்டதென்று நான் நினைத்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்புறம் கீழே இறங்கி, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, எதிர்ப்பக்கமாக, ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகிற ஒற்றையடிப் பாதையில் நான் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.